கொயோட்டியும் இரும்புப் பொறியும்

கொயோட்டியைப் பொறி வைத்துப் பிடிப்பது பற்றிய பழைய பதிவுகளில் மிக விரிவான ஒன்று, தோல்வி மேல் தோல்வியை வரிசையாகச் சொல்கிறது. 1819-ஆம் ஆண்டு மேஜர் ஸ்டீவன் லாங் தலைமையில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு, குளிர்காலத்தைக் கழிக்க மிசௌரி ஆற்றங்கரையில் முகாமிட்டது. அந்த இடம் இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ளது. குழுவின் விலங்கியலாளர் தாமஸ் சே. அவருக்குத் துணையாக இருந்தவர் இளம் ஓவியர் டிஷியன் பீல். இரவெல்லாம் முகாமைச் சுற்றி ஊளையிட்ட, கொயோட்டி எனப்படும் சிறு ஓநாய்களில் ஒன்றையாவது கையில் எடுத்து அளந்து பார்க்க வேண்டும் என்று பீல் பொறி வைக்கத் தொடங்கினார்.

முதலில் வைத்தது கவிழ்த்துப் போட்ட பெரிய பெட்டி. ஏறக்குறைய ஆறடி நீளமும் அதே அளவு அகலமும் கொண்டது. 4 என்ற எண்ணின் வடிவில் கோத்த குச்சிகள் அதன் ஒரு பக்கத்தை மூன்றடிக்கும் மேலாகத் தூக்கிப் பிடித்திருந்தன. கீழே பலகைத் தளம். அதன் மேல் குடலும் கழிவிறைச்சியும் தாராளமாகப் பரப்பப்பட்டிருந்தன. வந்த விலங்கு பெட்டிக்குள் நுழையவில்லை. தளத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டிச் சென்று, பலகை இடுக்குகள் வழியாக இறைச்சியைக் கீழே இழுத்துத் தின்றுவிட்டுப் போனது. அடுத்து, உள்ளே போகலாம், வெளியே வர முடியாது என்ற அமைப்பில் ஒரு கூண்டு கட்டப்பட்டது. அவற்றுக்கென்று விட்டிருந்த வழியில் ஒன்றுகூட நுழையவில்லை. மூன்றாவதாக, இரட்டை வில் கொண்ட இரும்புப் பொறியை உதிர்ந்த இலைகளுக்கு அடியில் மறைத்து, மேலே இரை வைத்தார்கள். காலையில் பார்த்தால் சுற்றிலும் காலடித் தடங்கள். பொறியோ தொடப்படாமல் கிடந்தது.

இதன் பிறகு பீல் செய்தது நல்ல சோதனை. இரையைப் பொறிக்கு நேர் மேலே மரக்கிளையில் தொங்கவிட்டார். அருகிலிருந்த வேறு மரங்களிலும் அதேபோல் இறைச்சித் துண்டுகளைக் கட்டினார். மறுநாள் மற்ற துண்டுகளெல்லாம் போயிருந்தன. பொறிக்கு மேலே தொங்கியது மட்டும் மீந்தது. மோப்பம்தான் காட்டிக்கொடுக்கிறது என்று எண்ணி, சுற்றிலும் வெகுதூரத்துக்கு இலைகளைக் கொளுத்தி, பொறி முழுவதும் சாம்பலில் புதைந்திருக்கும்படி செய்தார்கள். அப்போதும் அந்த இறைச்சியை மட்டும் விட்டுவைத்தன. அந்த இரும்புப் பொறி ஒரே ஒரு முறை மூடிக்கொண்டது. அதில் சிறிது நேரம் கால் மாட்டியது கொயோட்டி அன்று, வேறு வகை ஓநாய். கடைசியில் ஒரு மரக்கட்டைக்கு மேல் இன்னொரு கட்டையைக் குச்சி முட்டுக் கொடுத்து நிறுத்திய எளிய அமைப்பில்தான் ஒரு கொயோட்டி அகப்பட்டது. 1823-இல் வெளியான பயண அறிக்கையில் சே அந்த விலங்குக்கு 'கேனிஸ் லாட்ரன்ஸ்' என்ற அறிவியல் பெயரைச் சூட்டினார். தளத்துக்கு அடியில் தோண்டியதை வெறும் இயல்பூக்கம் என்று தள்ளிவிட முடியாது என்றும் எழுதினார். பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கருத்தை மறுக்கப் பொறி வைப்பவர்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கொயோட்டி வட அமெரிக்காவுக்கே உரிய நாய்க் குடும்ப விலங்கு. நம் குள்ளநரியைப் பார்த்தவர்கள் அதைவிடச் சற்றுப் பெரிய, கால் நீண்ட, காது உயர்ந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். எடை பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ. எலி, முயல், செத்த விலங்கு, பழம், பூச்சி என்று எதையும் தின்னும். அதன் ஐயவுணர்வுக்கு மனிதர் வைத்த பொறியைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. பெரிய ஓநாய்கள் கொன்று போட்ட, பைசன் என்னும் காட்டெருமையின் மிச்சத்தை நம்பி அது வாழ்ந்தது. அந்த இரையருகே அகப்பட்டால் அதே ஓநாய்கள் அதைக் கொன்றும் போட்டன. உணவு கிடக்கும் இடமே உயிர் போகும் இடம் என்ற நிலையில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த விலங்கு, எளிதாகக் கிடைக்கும் இறைச்சியைக் கண்டதும் பாய்வதில்லை. காற்று எதிர்வரும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும், நிற்கும், விலகும், மறுநாள் திரும்பி வரும்.

ஓநாய் கூட்டமாக வாழ்வது. கொயோட்டி அந்த அளவுக்குக் கூட்டத்தை நம்புவதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் இணையாக ஒரு நிலப்பரப்பைத் தம் எல்லையாகக் காக்கும். முந்தைய ஈற்றின் குட்டிகள் சில உடன் தங்கும். மற்றவை இலையுதிர்காலத்தில் பிரிந்து, சொந்த இடமில்லாமல் அலையும். எல்லை உடைய விலங்கு, எல்லையற்று அலையும் விலங்கு என்ற இந்தப் பிரிவு பொறியின் வரலாற்றில் பெரிய பங்கு வகித்தது. ஆனால் அது அறிவியலுக்கு விளங்க 1980-கள் வரை ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறித் தொழில் என்றால் நீர்நாயைப் போல ஆற்றில் வாழும் பீவரின் தோலுக்கான தொழில்தான். கொயோட்டித் தோலுக்கு விலை குறைவு. அதைப் பிடிக்க இவ்வளவு பாடுபட யாருக்கும் தேவையில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பகுதியைச் சேர்ந்த சீவல் நியூஹவுஸ் என்ற கொல்லர் கையால் அடித்துச் செய்த இரும்புப் பொறிகளை, அவர் சேர்ந்து வாழ்ந்த ஒனைடா சமயக் குடியிருப்பு 1850-களில் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. பின்னாளில் மேசைக் கரண்டிகளுக்குப் பெயர் பெற்ற அதே ஒனைடாதான் இது. ஒரே அளவில், ஒரே வலுவில், மாற்று உறுப்புகளோடு பொறி கிடைத்தது அதன் பிறகுதான். அமைப்பு எளியது. தட்டையான இரண்டு தாடைகள், அவற்றை மூடும் வில், நடுவில் மிதித்தால் இறங்கும் சிறு தட்டு, தரையோடு பிணைக்கும் சங்கிலி. பொறி தரமானதாகிவிட்டது. கொயோட்டிக்கு எதிராக அது பயன்பட்டதா என்பது வேறு கேள்வி.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எருமை மந்தைகள் அழிக்கப்பட்டபோது, ஓநாய்த் தோல் தேடி வந்தவர்கள் பொறியை நம்பவில்லை. எருமைப் பிணத்தில் எட்டிக்கொட்டை நஞ்சான ஸ்ட்ரிக்னினைத் தடவிவிட்டுப் போனார்கள். ஓநாயும் கொயோட்டியும் நரியும் கழுகும் சேர்ந்து மடிந்தன. எருமை தீர்ந்த புல்வெளியில் ஆடுமாடுகள் வந்தன. கொயோட்டி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கியது. மாநிலங்கள் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் அறிவித்தன. பரிசுப் பணத்துக்காகப் பிடிப்பவர்கள் அடுத்த ஆண்டு வருமானத்தை எண்ணிப் பெண் விலங்குகளை விட்டுவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல மாநிலங்களிலும் எழுந்தது.

1915-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வேளாண் துறையின் உயிரியல் ஆய்வுப் பிரிவுக்கு 1,25,000 டாலர் ஒதுக்கியது. ஊனுண்ணி விலங்குகளை ஒழிக்கச் சம்பளம் வாங்கும் வேட்டைக்காரர்கள் அமர்த்தப்பட்டார்கள். பொறி வைக்கும் கலை ஏட்டில் ஏறியது இவர்களால்தான். அதுவரை ஒவ்வொருவரும் தனக்குள் பூட்டி வைத்திருந்த நுட்பங்களை அரசு துண்டு வெளியீடுகளாக அச்சிட்டு ஆட்டுப்பண்ணையாளர்களுக்குக் கொடுத்தது. அந்தப் பிரிவில் வேட்டைக்காரராகச் சேர்ந்து தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்த ஸ்டான்லி யங், கொயோட்டி, ஓநாய் இரண்டையும் பொறியில் பிடிப்பது பற்றி 1930-இல் எழுதிய சிறு வெளியீடு அவற்றுள் ஒன்று. பின்னர் 1951-இல் ஹார்ட்லி ஜாக்சனோடு சேர்ந்து கொயோட்டி பற்றி ஒரு பெருநூலும் எழுதினார். ஆயிரக்கணக்கில் அவற்றைக் கொல்லும் வேலையை நடத்தியவரே நூலின் தலைப்பில் அந்த விலங்கைச் சாமர்த்தியசாலி என்று அழைத்தார்.

இந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட முதல் பாடம், இரையை நம்பாதே என்பது. பீலின் பொறிகள் இறைச்சியை முன்னிறுத்தின. கொயோட்டிக்கோ இறைச்சி பசியோடு ஐயத்தையும் சேர்த்தே கிளப்புகிறது. அதன் ஐயம் மட்டுப்படுவது வேறு இடத்தில். நாய் கம்பத்தைக் கண்டால் நிற்பதுபோல, கொயோட்டியும் தன் பாதையில் சில புற்கொத்துகளிலும் கற்களிலும் எலும்புகளிலும் நின்று முகர்ந்து, சிறுநீர் விட்டு, பின்காலால் மண்ணைக் கீறிவிட்டுச் செல்லும். பாதைகள் கூடும் இடம், மலைச்சரிவின் கணவாய், ஓடையைக் கடக்கும் துறை ஆகியவற்றின் அருகே இந்தக் குறியிடங்கள் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, விலங்கு நிற்கும்போது முன்கால் படும் இடத்தைக் கணித்து, அங்கே பொறியைப் புதைப்பதே யங் போன்றோர் சொன்ன வழி. குறியிடம் இல்லாத இடத்தில், வேறு கொயோட்டியின் சிறுநீரைச் சில துளி தெளித்து அதை உண்டாக்கினார்கள். அங்கே விலங்கு வருவது தின்பதற்கன்று, என் நிலத்தில் நுழைந்தவன் யார் என்று அறிவதற்கு.

இன்னொரு வகை, மண்ணில் சாய்வாகக் குழி தோண்டி அதன் அடியில் நாற்றமெடுத்த சிறு துண்டைப் போட்டு மூடுவது. வேறொரு நரியோ கொயோட்டியோ மிச்ச உணவைப் புதைத்து வைத்துவிட்டுப் போனது போல அது தோன்றும். குழிக்கு முன்னால், மையத்திலிருந்து சற்று விலகிப் பொறி இருக்கும். எல்லாமே பிறர் விட்டுச்சென்ற செய்தியாகத் தோன்ற வேண்டும். மனிதர் விட்டுச்சென்றதாகத் தோன்றக் கூடாது.

அதற்காகச் செய்த வேலைகளைப் படிக்கும்போது ஓர் அறுவை அரங்கின் சுத்தம் நினைவுக்கு வரும். புதுப் பொறியில் தொழிற்சாலை எண்ணெய் வாடை இருக்கும். எனவே அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மரப்பட்டை அல்லது லாக்வுட் என்னும் மரச்சாயம் கலந்த நீரில் மீண்டும் கொதிக்க வைப்பார்கள். இரும்பு கறுத்து, துருவும் வாடையும் அடங்கும். மேலே மெழுகு பூசுவதும் உண்டு. பொறி வைக்கும் இடத்தில் தரையில் மண்டியிடாமல் ஒரு துணியையோ தோலையோ விரித்து அதன் மேல் அமர்வார்கள். கையுறை கட்டாயம். தோண்டிய மண்ணையும் துணியிலேயே கொட்டி, மீந்ததைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவார்கள்; பரப்பின் நிறமே மாறினாலும் கொயோட்டி கவனிக்கும். சல்லடையில் சலித்த உலர்மண் பொறியை மூடும். தட்டின் அடியில் மண் புகாதிருக்கக் காகிதமோ துணியோ வைப்பார்கள். பனிக்காலத்தில் மண் உறைந்து பொறி மூடாமல் போகும் என்பதால் மெழுகு கலந்த மண், உலர்ந்த சாணம், பதர் ஆகியவற்றைப் பயன்படுத்துவார்கள்.

ஆனால் அனுபவசாலிகள் வாடைக்கு இணையாக அஞ்சியது ஆட்டத்துக்கு. புதைத்த பொறி சிறிதும் அசையாதபடி மண்ணை நெருக்கி அடைத்திருக்க வேண்டும். முன்காலின் ஓரம் பட்டு இரும்பு லேசாக ஆடினாலும் கொயோட்டி காலை எடுத்துக்கொள்ளும். பிறகு மெதுவாகத் தோண்டிப் பொறியை வெளியே போட்டுவிட்டுப் போகும். காலையில் வரும் வேட்டைக்காரர் காண்பது மூடாத பொறியும் அருகில் ஒரு எச்சக் குவியலும். இதை அவமதிப்பு என்று பலர் கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது புதுப் பொருளைத் தன் வாடையால் குறியிடும் இயல்பான செயல். ஒருமுறை இப்படித் தோண்டக் கற்றதும், விரலை இழந்து தப்பியதும் அந்தப் பகுதியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக காலம் உயிரோடு இருந்தன. எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் 1900-இல் எழுதிய டிட்டோ என்ற பெண் கொயோட்டியின் கதை, பொறியையும் நஞ்சையும் அறிந்துகொண்ட தாய் அந்த அறிவைக் குட்டிகளுக்குக் கடத்துவதைச் சொல்லி அன்றைய வாசகர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது.

இத்தனை பக்குவம் தேவைப்பட்ட தொழில் செலவு மிகுந்தது. ஒரு திறமைசாலி ஒரு நாளில் பார்த்து வரக்கூடிய பொறிகளின் எண்ணிக்கைக்கு அளவு உண்டு. அதனால் அரசு மறுபடி நஞ்சின் பக்கம் சாய்ந்தது. 1931-இல் நிறைவேறிய விலங்குச் சேதத் தடுப்புச் சட்டம் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை செலவிட வழிசெய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1080 என்ற எண்ணால் அறியப்பட்ட சோடியம் ஃப்ளூரோஅசிடேட் வந்தது. நிறமும் வாடையும் ஏறக்குறைய இல்லாத அந்த நஞ்சு, கொயோட்டியின் மூக்கைப் பயனற்றதாக்கியது. குதிரை இறைச்சியில் ஏற்றிப் பனிக்காலத்தில் மேய்ச்சல் நிலங்களில் வைத்தார்கள். கொயோட்டியோடு நரிகளும் பருந்துகளும் நாய்களும் செத்தன. 1964-இல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையிலான குழு இந்தக் கண்மூடித்தனமான கொலையைக் கடுமையாகக் குறை கூறியது. 1972 பிப்ரவரி 8 அன்று அதிபர் நிக்சன், கூட்டரசு நிலங்களில் ஊனுண்ணி விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார்.

நஞ்சு விலகிய இடத்தில் இரும்புப் பொறி திரும்பி வந்தது. அதே பத்தாண்டில் நீண்ட ரோமத் தோலுக்கு உலகச் சந்தையில் விலை ஏறியது. பொழுதுபோக்காகவும் பகுதிநேர வருமானத்துக்காகவும் ஆயிரக்கணக்கானோர் பொறியோடு இறங்கினார்கள். சிறுநீரும் சுரப்பிச் சாறும் கலந்த வாசனைக் கலவைகள் புட்டியில் அடைத்து விற்கப்பட்டன.

பொறி மீண்டதும் ஆய்வாளர்களின் கவனமும் அதன் மேல் திரும்பியது. தெற்கு டெக்சாஸில் லமார் வின்ட்பெர்க், ஃபிரெடெரிக் நோல்டன் இருவரும் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய கொயோட்டிகளைத் தொடர்ந்தார்கள். பொறி தன் எல்லையின் நடுவில் இருந்தால் விலங்கு அதில் சிக்குவது அரிது. எல்லையின் விளிம்பிலோ வெளியிலோ இருந்தால் எளிதில் சிக்குகிறது என்று தெரிந்தது. காரணம் விளங்கக்கூடியதே. தினமும் கடக்கும் நிலத்தில் ஒவ்வொரு கல்லும் புதரும் அதற்குப் பழக்கம். புதிதாக ஒன்று வந்தால் உடனே உறுத்தும். அந்நிய நிலத்தில் எல்லாமே புதிது. எதை ஐயப்படுவது என்று பிரித்தறிய வழியில்லை. அங்கே ஆவல் முந்திக்கொள்கிறது. இலையுதிர்காலத்தில் பிரிந்து அலையும் முதலாண்டு இளம் விலங்குகள் பொறிகளில் குவிவதற்கும் இதுவே பெரிய காரணம்.

கலிஃபோர்னியாவின் ஹாப்லண்டில் உள்ள பல்கலைக்கழக ஆட்டுப்பண்ணையில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த நிலத்தைத் தம் எல்லையாகக் கொண்டு குட்டி வளர்த்த இணைகள். வளரும் குட்டிகளுக்கு இரை தேவைப்படும் வசந்தத்தில் கொலை அதிகரித்தது. பொறியில் விழுந்தவையோ பெரும்பாலும் இளையவையும் அலைபவையும். எந்த விலங்கு சேதம் செய்கிறதோ அதுவே பொறிக்கு மிகவும் தப்புகிறது. கலிஃபோர்னியாவிலேயே தானியங்கிக் கேமராக்களை வைத்துச் செய்து 2003-இல் வெளியான இன்னொரு ஆய்வில், எல்லைக்குரிய முதன்மை இணைகள் தம் நிலத்துக்குள் படத்தில் அகப்படாமல் நழுவின. கேமரா வைக்க வரும் மனிதர்களின் நடமாட்டத்தை அவை கண்காணித்து, அந்த இடங்களைத் தவிர்த்தன. மண்ணுக்கு அடியில் எவ்வளவு நுட்பமாக மறைத்தாலும், மறைப்பவரை மேட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் விலங்கிடம் அந்த நுட்பம் செல்லாது. பல பத்தாண்டு காலம் கையுறையும் மெழுகும் தீர்க்காத புதிரின் ஒரு பகுதி இப்படித்தான் தெளிந்தது.

இதோடு இனப்பெருக்கம் சேர்ந்துகொண்டது. நெருக்கடியற்ற கூட்டத்தில் முதன்மை இணை மட்டுமே பெரும்பாலும் குட்டி போடும். பலவற்றைக் கொன்றால், மீதியுள்ளவற்றுக்கு இரை கூடும். இளம் பெண்களும் ஈனும். பிழைக்கும் குட்டிகள் பெருகும். காலியான எல்லையில் அலைபவை வந்து அமரும். கை கானலி, வில்லியம் லாங்ஹர்ஸ்ட் ஆகியோர் 1975-இல் கணினி வழியாகப் போட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு 75 வீதம் விடாமல் கொன்றால்தான் ஓரிடத்துக் கொயோட்டிகள் அழியும். அதற்கும் ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். எந்தப் பொறிப்படையாலும் அந்த வீதத்தை எட்ட முடிந்ததில்லை. அரசு வேட்டைக்காரர்களின் அதே பொறிக்கும் நஞ்சுக்கும் 1930-களுக்குள் மேற்குப் பகுதியின் ஓநாய்கள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. ஓநாய் போன இடத்துக்குக் கொயோட்டி பரவியது. அலாஸ்கா முதல் பனாமா வரையும், கிழக்கே அட்லாண்டிக் கரை வரையும் சென்றது.

பொறியில் சிக்கிய விலங்கு படும் வேதனை இந்த வரலாற்றில் நெடுங்காலம் யார் கணக்கிலும் வரவில்லை. காலில் இரும்பு கவ்வ, சில இடங்களில் நாள்கணக்கில், அவை கிடந்தன. கொயோட்டிக்கு வைத்த பொறியில் மானும் வீட்டு நாயும் கழுகும் அகப்பட்டன. 1980-களில் தாடையில் ரப்பர் பதித்த பொறிகள் விற்பனைக்கு வந்தன. முதல் வடிவங்கள் குறைவாகவே பிடித்தன. திருத்திய வடிவங்கள் பழைய பொறிக்கு நெருக்கமாகப் பிடித்தன, காயமும் குறைந்தது. மக்கள் வாக்கெடுப்பு மூலம் கொலராடோ 1996-லும் கலிஃபோர்னியா 1998-லும் வாஷிங்டன் மாநிலம் 2000-லும் கால்பொறிக்குக் கடுந்தடை விதித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் இயற்றிய விதியின்படி அங்கே அதன் பயன்பாடு 1995 முதல் நின்றது. நியூ மெக்சிகோவில் பொது நிலங்களில் பொறி வைப்பது 2022 முதல் சட்டவிரோதம். கொயோட்டி ரோமத்தைக் குளிரங்கிகளின் தொப்பி ஓரத்தில் வைத்துத் தைத்து, 2010-களில் அந்தத் தோலுக்குப் பெரும் தேவையை உண்டாக்கிய கனடா கூஸ் நிறுவனம், ரோமம் வாங்குவதைக் கைவிடுவதாக 2021-இல் அறிவித்தது.

ஆட்டுப்பண்ணையாளர்கள் இன்று காவல் நாய்களையும் லாமாக்களையும் மின்வேலியையும் கூடுதலாக நம்புகிறார்கள். அவை எல்லைக்குரிய கொயோட்டியைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அதை ஆட்டிடமிருந்து விலக்கி வைக்கின்றன. அந்த இணை அங்கேயே இருக்கும்வரை அலைபவை உள்ளே வருவதில்லை. இது பொறியால் கிடைக்காத பலன். இருந்தும் அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு 2010-களில் பெரும்பாலான ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றது. பொறியும் கண்ணியும் வானூர்தியிலிருந்து சுடுவதும் அதற்குப் பயன்பட்டன. ஹவாய் தவிர்த்த 49 மாநிலங்களிலும் கொயோட்டி வாழ்கிறது.